கத்தரியைக் கீழே வையுங்கள்

"சார், இது ஸ்டாம்பு இல்லை, கார்டு. அதெல்லாம் கீழே கிடக்கு, பாருங்க."

அஞ்சல்தலைக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறேன். மேசை மேல் தலைகள் பளபளக்கும் உறைகளுக்குள் வரிசையாக இருக்கும். மேசைக்குக் கீழே, விற்பவரின் காலடியில், ஓர் அட்டைப்பெட்டி. போஸ்ட் கார்டு, இன்லண்டு லெட்டர், உறை, ஏரோகிராம், பத்திரிகை சுற்றி அனுப்பிய தாள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு அதில் கிடக்கும். எந்த நாடு, எந்த வருடம் என்று பிரித்து வைக்கக்கூட யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். எதை எடுத்தாலும் ஒரே விலை.

தலையைத் தனியாக ஒட்ட வேண்டியதில்லாமல், கட்டணத்துக்கான முத்திரையைத் தாளிலேயே அச்சடித்து அஞ்சல் துறை விற்கிற இந்தப் பண்டங்களைப் போஸ்டல் ஸ்டேஷனரி என்கிறோம். சுருக்கமாக ஸ்டேஷனரி. அந்தப் பெட்டியின் இடம் ஒரு தீர்ப்பைச் சொல்கிறது. தலைதான் சேகரிப்பு, ஸ்டேஷனரி அதன் ஒட்டுவால் என்பது தீர்ப்பு. தலை வாங்க வசதியில்லாதவர்கள் சேர்ப்பது அது. கோடிக்கணக்கில் அச்சடித்ததற்கு மதிப்பு ஏது? துளை இல்லை, பசை இல்லை, படிக்க என்ன இருக்கிறது? வேண்டுமானால் மூலையில் இருக்கும் தலையைச் சதுரமாக வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடு. மரியாதைக்குரிய மூத்த சேகரிப்பாளர்கள்கூட இப்படிப் பேசுகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவன்தான் நான். ஆனாலும் இதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அந்த வெட்டு வேலையை நானே செய்திருக்கிறேன். பத்து வயதிருக்கும். தாத்தா சின்ன வயதில் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். சிவகங்கைப் பக்கத்தில் இருந்த வீட்டுக்கு அவர் முக்காலணா கார்டில் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பள்ளியில் தலை சேர்க்கச் சொல்லிக்கொடுத்தவர் கார்டில் இருப்பதை வெட்டி எடுக்க வேண்டும், ஓரம் கொஞ்சம் விட்டு வெட்டினால் அழகு என்று சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முப்பத்திரண்டு கார்டுகளை வெட்டினேன். ஒரே மாதிரி ராஜா தலைகளாகக் கிடைத்தன. இரண்டை ஆல்பத்தில் ஒட்டிவிட்டு மிச்சத்தை வகுப்பில் கொடுத்து, வேறு நாட்டுத் தலைகள் வாங்கிக்கொண்டேன். அப்பா கார்டுகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுக்கிப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடலாம். தலைதான் மூத்தது, ஸ்டேஷனரி அதற்குப் பின்னால் வந்தது என்ற எண்ணம்தான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். 1840 மே 6 என்றதும் பென்னி பிளாக் என்று எந்தப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அதே நாளில் அதே இங்கிலாந்தில், வில்லியம் முல்ரெடி வரைந்த படம் அச்சிட்ட உறைகளும் கடிதத்தாள்களும் செல்லுபடியாயின. ஒரு பென்னிக்கு ஒன்று, இரண்டு பென்னிக்கு ஒன்று. நடுவில் பிரிட்டானியா உட்கார்ந்து நாலு திசைக்கும் தூதர்களை அனுப்புகிறாள். யானை, ஒட்டகம், கப்பல் எல்லாம் அந்தப் படத்தில் உண்டு. தாளுக்குள் பட்டு நூல் ஓடும், கள்ள அச்சைத் தடுக்க. அஞ்சல் சீர்திருத்தம் செய்த ரோலண்ட் ஹில் மக்கள் இந்த உறைகளைத்தான் அதிகம் வாங்குவார்கள் என்று நம்பினார். 1837-இல் அவர் வைத்த திட்டத்தில் முத்திரைத் தாளும் உறையும்தான் முதன்மை. பின்னால் பசை தடவிய சின்னக் காகிதத் துண்டு, உறையைப் பயன்படுத்த வழியில்லாதவர்களுக்காகச் சேர்த்துக்கொண்ட துணை ஏற்பாடு. இன்றைக்கு உலகமே தொழுகிற ஒட்டுத்தலை அந்தத் துணை ஏற்பாடுதான்.

முல்ரெடி தோற்றதே என்பார்கள். தோற்றது உண்மை. படத்தைப் பார்த்து லண்டன் சிரித்தது. வெளிவந்த சில நாட்களிலேயே நகைச்சித்திர உறைகள் கடைக்கு வந்தன. அதே மாதம் 12-ஆம் தேதியே ஹில் தன் நாட்குறிப்பில், இதை மாற்றத்தான் வேண்டும்போல என்று எழுதிவிட்டார். விற்காமல் தேங்கியவற்றை அழிக்க எந்திரமே செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் மக்கள் வேண்டாம் என்றது படத்தை. அதற்கு மாற்றாக 1841-இல் ராணியின் தலையைப் புடைப்பாக அழுத்திய எளிய உறை வந்தது. அதை வாங்கினார்கள், தலைமுறை தலைமுறையாக வாங்கினார்கள். ஒரு படம் பிடிக்காமல் போனதை ஒரு வகையின் தோல்வி என்று எழுதி வைத்தது பின்னால் வந்த தலைப்பிரியர்களின் வேலை.

இங்கிலாந்தையும் விட்டு வெளியே வாருங்கள். சார்டினியா அரசு 1819-லேயே, குதிரை மேல் ஊதுகொம்போடு போகும் சிறுவனின் முத்திரை பதித்த கடிதத்தாள்களை விற்றது. 15, 25, 50 சென்டெசிமி என்று தூரத்துக்குத் தக்க விலை. அது அஞ்சல் கட்டணம் இல்லை, அஞ்சல் துறைக்கு வெளியே கடிதம் கொண்டுபோகும் உரிமைக்கான வரி என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு, அதனால் அதை ஒதுக்கி வைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அஞ்சல் தலைவர் ஜேம்ஸ் ரேமண்ட் 1838-இல் சிட்னி நகருக்குள் செல்ல முத்திரை அழுத்திய தாள்களை விற்றார். இதில் அந்த வாதத்துக்கு இடமில்லை. பென்னி பிளாக்குக்கு இரண்டு வருடம் மூத்தது அது. பின்லாந்து 1845-இல் முத்திரை உறை வெளியிட்டது, ஒட்டுத்தலை வெளியிட்டது 1856-இல். ரஷ்யாவில் 1845-இல் பீட்டர்ஸ்பர்க் நகருக்கும் 1848-இல் நாடு முழுமைக்கும் உறைகள் வந்துவிட்டன. தலை வர 1857 டிசம்பர் ஆயிற்று. பதினொரு வருடம் பின்லாந்துக்காரர் ஒருவர் தலை என்ற ஒன்றைக் கண்ணால் காணாமலே கட்டணம் கட்டிக் கடிதம் போட்டார். அவர் போட்ட உறையை எடுத்து, மூலையைச் சதுரமாக வெட்டி, 'பின்லாந்தின் பழைய தலை' என்று ஆல்பத்தில் ஒட்டிய சேகரிப்பாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தார்கள். ஆல்பங்களிலேயே அதற்குக் கட்டம் போட்டிருந்தது. பின்லாந்தில் அப்போது தலையே கிடையாது! தம்பிக்காக அண்ணனை வெட்டினார்கள்.

சரி, பழமை இருக்கட்டும், படிக்க என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது.

1869 ஜனவரி 26-இல் வியன்னாவின் 'நொயே ஃப்ரையே பிரெஸ்ஸெ' நாளிதழில் எமானுவேல் ஹெர்மன் என்ற பொருளியல் ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு வரிச் செய்திக்கு உறை, மடித்த தாள், முத்திரை மெழுகு, மரியாதை வாசகங்கள் என்று எவ்வளவு காசும் நேரமும் வீணாகிறது, தந்தி மாதிரி இருபது வார்த்தைக்குள் திறந்த அட்டையில் எழுத விடக்கூடாதா என்று கேட்டார். அதே வருடம் அக்டோபர் 1-இல் உலகின் முதல் அஞ்சலட்டை இரண்டு கிராய்ட்ஸருக்கு விற்பனைக்கு வந்தது. இருபது வார்த்தைக் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள். எழுதியிருப்பதற்கு அஞ்சல் துறை பொறுப்பில்லை என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள். அந்த ஒரு வரியில் அன்றைய பயம் முழுக்க இருக்கிறது. வேலைக்காரர் படிப்பார், தபால்காரர் படிப்பார், ஊர் படிக்கும் என்ற பயம். நம் ஊரில் நடந்ததோ வேறு. தபால்காரர் படித்துக் காட்டினால்தான் கார்டுக்கே உயிர். எழுத்தறியாத தாய்க்கு மகனின் கார்டைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் பதிலையும் அவரே எழுதிக்கொடுத்துப் போவார். வியன்னாவில் பயமாக இருந்த திறந்த முகம் இங்கே வசதியாக இருந்தது. இந்த வேறுபாட்டைத் தலையில் எங்கே தேடுவீர்கள்?

அந்த ஆஸ்திரிய அட்டையையே இன்னும் கொஞ்சம் பாருங்கள். அன்றைய ஆஸ்திரியத் தலையில் பேரரசரின் முகமும் எண்ணும் காசின் சுருக்கமும் மட்டும் இருக்கும். நாட்டின் பெயர்கூட இல்லை. என்ன மொழி பேசும் நாடு என்று அந்தத் தலையை வைத்துச் சொல்ல முடியாது. அட்டையில் அது முடியவில்லை. தலைப்பு எழுதியாக வேண்டும், முகவரி எங்கே எழுதுவது என்று சொல்லியாக வேண்டும். எந்த மொழியில்? முதல் நாளிலேயே ஹங்கேரிக்கு ஹங்கேரிய மொழியில் தனி அட்டை போட வேண்டி வந்தது. 1871 தொடங்கி ஜெர்மனோடு செக், ஜெர்மனோடு போலிஷ், ஜெர்மனோடு ருதேனியம், ஜெர்மனோடு ஸ்லோவேனியம், ஜெர்மனோடு இத்தாலியம் என்று இருமொழி அட்டைகள் வந்தன. எந்த ஊர் அஞ்சலகத்தில் எந்த இருமொழி அட்டை விற்றது, அந்த ஊரில் இருந்தவர் எதை வாங்கினார் என்று வரிசையாக அடுக்கினால், ஒரு பேரரசு தன் குடிமக்களின் மொழிகளை எப்படி நடத்தியது என்பது மேசை மேல் விரிந்துவிடும். பக்கத்தில் அதே வருடங்களின் தலைகளை வையுங்கள். அவை வாயே திறக்காது. இந்த அட்டையில் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போடுகிறவர் எதைப் போடுகிறார் என்று யோசித்ததுண்டா?

மொழி என்று வந்ததால் டாக்காவையும் சொல்லிவிடுகிறேன். 1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் பிறந்தபோது அதனிடம் சொந்த அஞ்சல் தாள் எதுவும் இல்லை. ஜார்ஜ் அரசரின் தலை அச்சிட்ட இந்திய அட்டைகளும் உறைகளும்தான் கையிருப்பு. ஊருக்கு ஊர் கிடைத்த ரப்பர் முத்திரையில் 'பாகிஸ்தான்' என்று அவற்றின் மேல் குத்தி விற்றார்கள். சில சாய்வாக விழுந்தன, சில பாதி மையோடு விழுந்தன. ஒரு நாடு பிறந்த அவசரம் அந்த மையில் இருக்கிறது. பிறகு புதிதாக அச்சடித்த அஞ்சல் தாள்களிலும் படிவங்களிலும் உருதும் ஆங்கிலமும் மட்டும் இருந்தன. நாட்டில் அதிகம் பேர் பேசிய வங்காளி இல்லை. 1948 பிப்ரவரி 25-இல் அரசியல் நிர்ணய சபையில் தீரேந்திரநாத் தத்தா எழுந்து வங்காளிக்கு இடம் கேட்டபோது அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஓர் அஞ்சலகம். டாக்காவில் படிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப வருகிறார் ஓர் ஏழை உழவர். மணியார்டர் படிவம் உருதுவில் இருக்கிறது. அவரால் நிரப்ப முடியவில்லை. மொழிபெயர்க்க ஆள் தேடித் தூரத்து ஊருக்கு ஓட வேண்டியிருக்கிறது. நாலு வருடம் கழித்து 1952 பிப்ரவரி 21-இல் டாக்கா தெருவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உலகத் தாய்மொழி நாள் என்று இன்று நாம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். மணியார்டர் படிவம் முழு அர்த்தத்தில் ஸ்டேஷனரி ஆகாது என்று வகைப்பாட்டுக்காரர்கள் சொல்லலாம். அஞ்சலகத்தின் தாளில் என்ன அச்சாகிறது என்பது மனிதர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தி மட்டும் அச்சான படிவத்தைக் கண்டு கொதித்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நாகர்கோவில்காரர்களுக்கு இன்னொன்று தெரியும், அல்லது அவர்களின் பாட்டனாருக்குத் தெரிந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. திருவிதாங்கூருக்குச் சொந்த அஞ்சல் இருந்தது, அதன் பெயர் அஞ்சல். 'தபால்' என்பது ஆங்கிலேயருடையது. திருவனந்தபுரத்துக்கு எழுத வேண்டுமானால் சங்கு முத்திரை அச்சிட்ட அஞ்சல் கார்டு, காசு, சக்கரம் கணக்கில். திருநெல்வேலிக்கு எழுத வேண்டுமானால் அதே ஊரிலிருந்த ஆங்கிலேயரின் தபால் ஆபீசுக்குப் போய் அணா கணக்கில் அரச தலை போட்ட கார்டு. சங்கு கார்டு ஆரல்வாய்மொழியைத் தாண்டிச் செல்லாது. ஒரே வீட்டில் இரண்டு விதக் கார்டுகள் இருந்தால், அந்த வீட்டார் எந்தப் பக்கம் பெண் கொடுத்தார்கள், எந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தார்கள் என்று ஊகிக்கலாம். 1951 வரை இந்த ஏற்பாடு இருந்தது. சங்குத் தலையை மட்டும் வெட்டி எடுத்தால் கிடைப்பது ஒரு சங்கு. முழு அட்டை இருந்தால், எங்கிருந்து எங்கே என்ற பயணம் கையில் இருக்கும்.

துளையும் பசையும் இல்லை என்று குறைப்படுபவர்களுக்கு உறையின் வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கா 1853-இல் முத்திரை உறைகள் வெளியிடத் தொடங்கியது. ஒப்பந்தக்காரரின் பெயரால் அவற்றை நெஸ்பிட் உறைகள் என்கிறோம். தாளைக் கட்டாக அடுக்கி, உறையின் விரித்த வடிவத்தில் செய்த எஃகுக் கத்தியை வைத்து அழுத்தி வெட்டுவார்கள். கத்தி தேய்ந்தால் புதிது வரும், புதியதில் மடிப்பின் வளைவு கொஞ்சம் மாறும், நுனி கூராகும் அல்லது மழுங்கும். ஒவ்வொரு கத்திக்கும் ஆராய்ச்சியாளர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். உறையைப் பிரித்து, மடிப்புகளை அளந்து, நீரோட்டக் குறியை வெளிச்சத்தில் பிடித்து, எந்தக் கத்தி எந்த ஆண்டு எந்த அளவுக்கு ஓடியது என்று பல தலைமுறை உட்கார்ந்து எழுதிய நூல்கள் உண்டு. துளையை எண்ணுவது ஆராய்ச்சி, மடிப்பை அளப்பது விளையாட்டு என்று யார் சொன்னது? சதுரமாக வெட்டிய தலையிலிருந்து கத்தியின் எண்ணைக் கண்டுபிடிக்க எந்த வல்லுநராலும் முடியாது. அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் முன்னோர் நெஸ்பிட் உறைகளைக் கட்டுக் கட்டாக வெட்டித் தள்ளியதால், இன்றைக்குச் சில வகைகள் முழுதாகக் கிடைப்பதே அருமை.

உலகக் கண்காட்சிகளில் இந்த உண்மை எப்போதோ ஏற்கப்பட்டுவிட்டது. பன்னாட்டு அஞ்சல்தலைச் சேகரிப்புக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஸ்டேஷனரிக்குத் தனி வகுப்பு உண்டு. முழுப் பொருளாகத்தான் வைக்க வேண்டும். வெட்டுத் துண்டாக மட்டுமே எஞ்சியிருக்கும் மிக அரிய பொருளுக்குத்தான் விலக்கு. நூறு மதிப்பெண்ணில் அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் 35. அருமைக்கு 20. பணத்தைக் கொட்டி அரியதை வாங்கிவந்து மாட்டுபவரை, விலை குறைந்த கார்டுகளை வருடக்கணக்கில் படித்தவர் மிஞ்ச முடியும் என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள். ஜெர்மன்காரர்கள் ஸ்டேஷனரிக்கு வைத்த பெயரே 'முழுப்பொருள்' என்றுதான் அர்த்தப்படும். அதற்காகப் பெர்லினில் 1901-லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1920-களில் சீக்ஃப்ரீட் ஆஷர் உலகம் முழுமைக்குமான பெரிய பட்டியலைத் தொகுத்தார். இன்றும் ஆஷர் எண் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நம் மேசைக்குக் கீழ்ப் பெட்டி இன்னும் இந்தச் செய்தியைக் கேட்கவில்லை.

'கோடிக்கணக்கில் அச்சடித்தது' என்ற வாதம் இருக்கிறதே, அதில் மயங்குபவர்கள்தான் அதிகம். ஜப்பானைப் பாருங்கள். குலுக்கல் பரிசு எண்ணோடு அந்த நாட்டு அஞ்சல் துறை விற்கும் புத்தாண்டு அட்டைகள் 1949 இறுதியில் தொடங்கின. 2004 புத்தாண்டுக்கு ஏறக்குறைய 445 கோடி அட்டைகள் அச்சாயின. ஆளுக்கு 35 விழும். இதைக் கேட்டதும் மலிவு என்று ஒருவர் சொல்கிறார். எனக்கோ ஒரு சமூகம் முழுவதும் குனிந்து உட்கார்ந்து ஒரே வாரத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட காட்சி தெரிகிறது. இந்த எண்ணிக்கைதான் ஆராய்ச்சிப் பொருளே. இந்தியாவில் 1879 ஜூலை 1-இல் கால் அணாக் கார்டு வந்தது. கடிதத்துக்கு அரை அணா இருந்த காலம். எழுதும் செலவு ஒரே நாளில் பாதியானது. பலர் எழுதினார்கள் என்பதாலேயே அந்தக் கார்டு மலிவு. அந்தப் 'பலர்' யார், என்ன எழுதினார்கள், எவ்வளவு தூரம் எழுதினார்கள் என்பது அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இல்லை. கார்டில் மட்டும் இருக்கிறது.

அச்சடித்ததையும் எஞ்சியதையும் ஒன்றாக எண்ணுவது இன்னொரு பிழை. பத்திரிகை சுற்றும் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா 1861-இல் தொடங்கி வைத்தது. அதைக் கிழித்தால்தான் பத்திரிகையைப் பிரிக்க முடியும். எத்தனை லட்சம் அச்சானாலும், முகவரியும் முத்திரையும் கிழியாமல் பிழைத்தது எத்தனை? பதில் கார்டு என்று ஒன்று உண்டு. இரண்டு அட்டை சேர்ந்த ஜோடி. ஒன்றில் எழுதி அனுப்பினால், பெறுபவர் மற்றதைக் கிழித்துக் காசில்லாமல் பதில் போடலாம். அதன் வேலையே பிரிவது. கடல் கடந்து போய், பதில் பாதி எழுதப்பட்டுத் திரும்பிய கார்டுகள் எவ்வளவு அரிது என்று அதைத் தேடியவர்களைக் கேளுங்கள். மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணக் கார்டைச் சிலர் வைத்திருந்தார்கள். கறுப்புத் தடவிய சாவுக் கார்டை யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை, படித்ததும் கிழித்துவிடுவார்கள். ஊர் ஊராக, நாள்தோறும், எத்தனையோ ஆயிரம் போயிருக்கும். ஒரு சாவுக் கார்டு முழுதாகக் கிடைக்க நான் பல வருடம் காத்திருந்தேன். கிடைத்தது மேசைக்குக் கீழே இருந்த பெட்டியில், மற்றவற்றின் அதே விலைக்கு.

விலையும் தாளும் கையெழுத்தும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதன் மதிப்பு பணவீக்கக் காலத்தில்தான் முழுதாகத் தெரியும். ஜெர்மனியில் 1922 தொடக்கத்தில் உள்நாட்டுக் கடிதத்துக்கு 2 மார்க். 1923 டிசம்பர் 1-இல் அதே கடிதத்துக்கு 10,000 கோடி மார்க். அட்டையில் விலை முன்பே அச்சாகிவிட்டது. அச்சின் ஈரம் காய்வதற்குள் அது பொய்யாகிவிடும். வாங்கி வைத்தவர் என்ன செய்தார்? அச்சிட்ட தலைக்குப் பக்கத்தில் ஒட்டுத்தலைகளை ஒட்டினார். இடம் போதாமல் பின்புறமும் ஒட்டினார். ஒட்டத் தலை கிடைக்காதபோது அஞ்சலகத்தில் ரொக்கமாகக் கட்டிக் குறிப்பு எழுதி வாங்கினார். அப்படி ஓர் அட்டையைக் கையில் வைத்துப் பாருங்கள். வாங்கிய அன்றைய விலை அச்சில் இருக்கிறது, அனுப்பிய அன்றைய விலை ஒட்டில் இருக்கிறது, நடுவில் ஒரு மனிதர் தன் அண்ணிக்கு உருளைக்கிழங்கு விலையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். இந்த மூன்றில் எதை வெட்டுவீர்கள்?

இதெல்லாம் பழைய நினைவில் உருகுவது, செல்போன் காலத்தில் யாருக்கு வேண்டும் என்பாரும் உண்டு. அவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. எழுதுவது நின்றுவிட்டதால்தான் எழுதியதை இப்போது காக்க வேண்டியிருக்கிறது. 1933-இல் ஈராக்கில் பிறந்த ஏரோகிராமுக்கு, உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரே தாளில் மடித்து ஒட்டும் அந்த நீலக் கடிதத்துக்கு, 1952 பிரஸ்ஸல்ஸ் அஞ்சல் மாநாடு பொதுப் பெயர் சூட்டியது. அமெரிக்கா 2006-இல் அதை நிறுத்திவிட்டது. வளைகுடாவிலிருந்து திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும், கனடாவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கும் வந்த நீலத் தாள்கள் எத்தனை வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன! அவற்றைப் பழைய பேப்பர்காரர் எடை போட்டுக்கொண்டு போகிறார். இந்த வருடம் போனது அடுத்த வருடம் திரும்பாது. அலமாரியைத் திறக்கும் பேரப்பிள்ளை தலை சேர்ப்பவனாக இருந்தால் இன்னும் ஆபத்து, கையில் கத்தரி இருக்கும்.

தாத்தாவின் கார்டுகள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. முப்பத்திரண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு சதுர ஓட்டையோடு. 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. இந்தியத் தலைகளின் மேலேயே 'பர்மா' என்று அச்சுப் போட்டு விற்ற காலம் அது. ஒரே ராஜா, ஒரே ஊர், ஆனால் நேற்று வரை உள்ளூர், இன்றிலிருந்து வெளிநாடு. தாத்தாவின் கடிதங்களில் எது அந்தத் தேதிக்கு முன், எது பின் என்று தெரிந்தால், அவர் கடையில் நிலைமை எப்போது மாறியது என்பது புரியும். பல கார்டுகளில் அவர் தமிழ் மாதத்தைப் போட்டிருக்கிறார், வருடம் போடவில்லை. வருடம் ரங்கூன் முத்திரையில் இருந்தது. முத்திரை தலையின் மேல் விழுந்திருந்தது. நான் வெட்டிக் கொடுத்தது அதைத்தான்.

அட்டையின் முன்பக்கம் வலது மூலையில் தலை இருக்கும். திருப்பினால் அது பின்பக்கம் இடது மூலை. கடிதம் தொடங்கும் இடம், விளி இருக்கும் இடம். முகவரி எல்லாக் கார்டிலும் கொள்ளுத் தாத்தாவின் பெயருக்குத்தான், வீட்டுக்கு மூத்தவர் அவர். உள்ளே எழுதியது யாருக்கு என்பது விளியைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கார்டில் தாத்தா, காய்ச்சல் இறங்கிவிட்டது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறார். திறந்த கார்டில், தபால்காரர் வாசிக்கப்போகிற கார்டில். அதன் முதல் வரியில் என் வெட்டுக்குத் தப்பியது 'வுக்கு' என்ற மூன்று எழுத்து. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, அக்காவுக்கு, மூன்றுக்கும் அதே முடிவுதான். ஓட்டையின் விளிம்பில் மேலே ஒரு கோடு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பலமுறை பார்த்துவிட்டேன். ம-வின் கால் மாதிரியும் இருக்கிறது, ப-வின் கால் மாதிரியும் இருக்கிறது.